பணிவிடை செய்வோரின் மனச்சோர்வு

முதுமை எய்திய பெற்றோரை நோக்கிச் ‘சீ’ என்றுகூடச் சொல்லலாகாது என்று இறைவன் திருமறையில் விதித்திருப்பதை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. ஜும்ஆப் பேருரைகளிலும் மீலாது மேடைகளிலும் நாம் பன்முறை கேட்ட செய்தி அது. கேட்போரில் பெரும்பாலோர் தலையசைத்து மகிழ்ந்து வீடு திரும்புவர். ஆனால், படுக்கையில் கிடக்கும் வாப்பாவுக்கு இரவு மூன்று முறை துணி மாற்றிவிட்டுக் கண் எரிய அமர்ந்திருப்பவருக்கோ அவ்வுரை நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும். ‘நேற்று நான் சலித்துக் கொண்டேனே, பாவியாகி விட்டேனோ?’ என்று உள்ளுக்குள் புழுங்குவார். அத்தகையோருக்காகவே இன்று எழுதுகின்றோம்.

அக்கட்டளை பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23 ஆவது வசனத்தில் உள்ளது. அவர்கள்பால் பணிவு காட்டி அவர்களுக்காக இறைஞ்சுமாறு 24 ஆவது வசனம் பணிக்கின்றது. மேடையில் பேசுவோர் பெரும்பாலும் அத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். அடுத்துள்ள 25 ஆவது வசனத்தை ஓதிக் காட்டுவோர் குறைவு. உள்ளங்களில் இருப்பதை இறைவன் நன்கறிவான் என்றும், நல்லோராய் இருந்து தன்பால் மீள்வோரை அவன் பொறுத்தருள்வான் என்றும் அது உணர்த்துகின்றது. தீங்கு கருதாமலே அவசரத்தில் பெற்றோரிடம் சொல் தவறிவிடும் பிள்ளையைப் பற்றியதே அவ்வசனம் என்று தாபியீன்களில் பேரறிஞரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) விளக்கியதாகத் தப்ஸீர் நூல்களில் காண்கின்றோம். விலக்கலை அடுத்தே மன்னிப்பையும் வைத்தவன் மனித உடலின் களைப்பை அறியாதவனா? சலிப்பு மனத்தில் எழுவது குற்றமன்று. அது சொல்லாகி, முதியவரின் காதில் விழுந்து, அவரைப் புண்படுத்துவதே விலக்கப்பட்டது. அதிலும் தவறிவிட்டால் திரும்புவதற்கு வாயில் திறந்தே உள்ளது.

‘மூன்று ஜும்ஆ தவறிவிட்டது ஹஜ்ரத், இதயத்தில் முத்திரை விழுந்து விடுமா?’ என்று கேட்போர் உண்டு. தக்க காரணமின்றி அலட்சியமாய் விடுவோருக்குரிய எச்சரிக்கை அது. தனித்து விடப்பட்டால் நோயாளி இடருறுவார், பார்த்துக்கொள்ள வேறு ஆளுமில்லை என்றால், அது ஜும்ஆவை விடுவதற்குரிய உத்ர் என்று ஷாபிஈ நூல்களும் ஹனபி நூல்களும் கூறுகின்றன. வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளலாம். ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் நோயுற்றிருக்கும் செய்தி ஒரு வெள்ளிக்கிழமை எட்டியபோது, இப்னு உமர் (ரலி) அவர்கள் ஜும்ஆவை விட்டு அவரிடம் விரைந்ததாக ஸஹீஹுல் புகாரியில் வந்துள்ளது. இதனினும் பெரிய சான்றும் உண்டு. ஹிஜ்ரி 2 இல் (கி.பி. 624) பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது, நோயுற்றிருந்த தம் துணைவியார் ருகையா (ரலி) அவர்களைப் பேணுவதற்காக உதுமான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே தங்கினார்கள். பத்ரில் பங்கேற்றவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவர்களுக்கு உண்டென நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கட்டிலருகே கழித்த நாட்கள் பத்ருக்களத்து நாட்களோடு எண்ணப்பட்டன!

பணிவிடைகளில் மிகக் கடினமானது மறதிநோய் கண்டோரைப் பேணுவதே. எல்லாம் அறிந்தபின் ஒன்றுமறியா நிலைக்குத் தள்ளப்படும் தளர்ந்த வயதைத் திருமறை (16:70) குறிப்பிடுகின்றது. அந்நிலையிலிருந்து நாயகம் (ஸல்) அவர்களே இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள். எனவே, பெற்ற மகளைப் பார்த்தே ‘நீ யாரம்மா?’ என்று உம்மா கேட்கும்போது அழுகை வருவது நன்றிகேடு ஆகாது. லுஹர் தொழுத ஐந்தாவது நிமிடமே ‘பாங்கு சொல்லியாச்சா?’ என்று மீண்டும் முஸல்லாவை விரிக்கும் மூதாட்டியோடு வாதாடி நொந்துபோவோரைக் காண்கின்றோம். அறிவு நீங்கியவர்மீது தொழுகைக் கடமையே இல்லை. அவர் விரித்தால் விரிக்கட்டும். விட்ட ரக்அத்தை எண்ணும் வேலை பிள்ளைக்கு வேண்டாம். அறிவு தெளிந்து உடல் மட்டும் தளர்ந்தவர் அமர்ந்தோ படுத்தோ தொழலாம். நோன்பு நோற்கவே இயலாத முதியவருக்கு நாளொன்றுக்கு ஓர் ஏழையின் உணவு பித்யாவாகும். இச்சலுகைகள் முதியோருக்கு மட்டும் அருளப்பட்டவை என்று எண்ணற்க. அவர்களைத் தூக்கி நிறுத்தும் கைகளுக்கும் இவற்றில் ஓய்வுண்டு.

இனி ஒன்று சொல்வோம், சிலருக்குக் கசக்கலாம். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள்மீது ஷரீஅத் சுமத்திய கடமையன்று. இதனை மேடையில் கூற ஆலிம்கள் தயங்குகின்றனர். குடும்பம் கலைந்துவிடும் என்று அஞ்சுகின்றனர் போலும். கடமை பெற்ற மக்களுடையது. மருமகள் செய்வது இஹ்ஸான். அவள் மனமுவந்து வழங்கும் கொடை. மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழும் காயல்பட்டினம் போன்ற ஊர்களில் உம்மாவை மகளே கவனித்துக்கொள்கின்றாள். பிற ஊர்களிலோ மகன் சவூதியிலோ துபாயிலோ இருக்க, சுமை முழுவதும் மருமகள் தலையில். பணம் தவறாமல் வருகின்றது. ‘உம்மாவை நல்லாப் பாத்துக்கோ’ என்று தொலைபேசியில் சொல்லும் வருகின்றது. ‘நீ இராத்திரி தூங்கினியா?’ என்ற கேள்விதான் வருவதில்லை. வசதியற்ற பெற்றோருக்குப் பணியாள் தேவையெனில், அக்கூலியையும் பிள்ளை தரவேண்டிய செலவில் ஷாபிஈ சட்ட அறிஞர்கள் சேர்த்துள்ளனர். ஆள் வைத்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று மறுப்போர், அந்த ஊர் ஓர் இரவாவது கண்விழித்ததா என்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஊரும் விழிக்கலாம். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993 இல் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. பின்னர், அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்றுப் படுக்கையில் கிடப்போரின் இல்லங்களுக்குச் சென்றுவரும் முறை மலப்புறம் முதலிய மாவட்டங்களில் வேரூன்றியது. 2008 இல் அம்மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழகத்திலும் 2021 இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கி, மருந்தும் இயன்முறை மருத்துவமும் வீட்டு வாயிலுக்கு வந்தன. அத்தகைய உதவியைக் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை.

நம் ஜமாஅத்துகளில் சந்தா நோட்டு உண்டு. தெருவுக்கு எத்தனை தலைக்கட்டு என்பது மோதினாருக்கு மனப்பாடம். எந்த வீட்டில் யார் எத்தனை மாதமாய்ப் படுக்கையில் இருக்கின்றார் என்பதற்குத்தான் நோட்டு இல்லை. நலம் விசாரிக்கச் செல்வோரும் கால்மணி நேரம் அமர்ந்து, துஆச் செய்து, தேநீர் அருந்தி எழுந்துவிடுகின்றனர். அந்தத் தேநீரைப் போட்டவளும் இரவெல்லாம் விழித்தவளே. சகோதரிகளே, அடுத்த முறை நீங்கள் செல்லும்போது தேநீர் வேண்டாமென்று கூறி, அஸரிலிருந்து மஃரிப் வரை அந்தக் கட்டிலருகே நீங்கள் அமருங்கள். அவள் சற்றே கண்ணயரட்டும். பெண்களுக்கு ஜும்ஆ கடமையில்லை ஆதலால், உம்மாவை விட்டு நகர முடியாத மகன் உள்ள வீடெனில், வெள்ளிக்கிழமை பகலில் போங்கள். அவர் பள்ளிவாசலுக்குப் போய்வருவார்.