காவலுக்கு வந்தவரிடம் பெட்டகச் சாவி எதற்கு?

தம்போய் என்றதும் ஜொகூர்க்காரர்களுக்கு இரண்டு காட்சிகள் எழும். ஒன்று, கிடங்குகளும் பட்டறைகளும் நெருக்கியடித்து நிற்கும் தொழிற்பேட்டை. மற்றொன்று, 1937இல் மனநல மருத்துவமனையாகத் தொடங்கி இன்று பெர்மாய் மருத்துவமனை என்ற பெயரில் இயங்கும் வளாகம். சென்னையில் கீழ்ப்பாக்கமும் கொழும்புப் பக்கம் அங்கொடையும் வெறும் ஊர்ப்பெயராக நில்லாமல் கேலிச்சொல்லாகவும் ஆனதுபோல, தம்போய்க்கும் அந்தப் பழி ஒட்டியது. யாரோ ஒருவர் எங்கே, எதற்காகச் சிகிச்சை பெற்றார் என்ற ஒற்றை வரி ஒரு வேலையையோ கல்யாணப் பேச்சையோ கலைத்துவிடும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அத்தகைய வரிகள் இன்று தரவுத்தளங்களில் இருக்கின்றன. தனியார் கிளினிக்கின் நோயாளிப் பதிவு, தொழிற்சாலையின் சம்பளப் பட்டியல், கிடங்கின் சரக்குக் கணக்கு எல்லாம் அலுவலகப் பின்னறையில் இரவும் பகலும் ஓடும் ஒரு சர்வருக்குள் அடங்கிவிட்டன. அதைக் கவனிப்பவர் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தில் இருப்பதில்லை. கோலாலம்பூரிலோ சென்னையிலோ உட்கார்ந்துகொண்டு நிலைமையைப் பார்ப்பார். ஒப்பந்தம் கையெழுத்தான முதல் நாளே முதலாளியிடம் அவர் கேட்பது ஏறக்குறைய இதுதான்: “பாஸ், அட்மின் பாஸ்வேர்டு கொடுத்துடுங்க. அது இல்லாட்டி சர்வர் ஓடுதா இல்லையான்னே இங்கிருந்து பார்க்க முடியாது.”

இந்த வாசகம் தொழிலில் சாத்திரம்போல் ஆகிவிட்டது. கேட்பவரும் நம்புகிறார், கொடுப்பவரும் நம்புகிறார். தம்போய்க் கிடங்கு வாசலில் நிற்கும் ஜாகா, எந்த லாரி எப்போது வந்தது, எப்போது போனது என்று நோட்டில் குறிக்கிறார். அதற்காக அவரிடம் யாரும் பெட்டகச் சாவியைக் கொடுப்பதில்லை. கணினி என்று வந்ததும் அதே முதலாளி அதைத் தயங்காமல் கொடுத்துவிடுகிறார்.

முதலில் ‘ஓடுகிறதா இல்லையா’ என்ற கேள்வி. இதற்கு அட்மின் வேண்டாம். சில தரவுத்தளங்களில் கடவுச்சொல்லே வேண்டாம். 2013இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.3 பதிப்பில் ‘பிஜி இஸ்ரெடி’ என்ற சிறு கருவி சேர்க்கப்பட்டது. சர்வர் இணைப்புகளை ஏற்கிறதா, மறுக்கிறதா, பதிலே வரவில்லையா என்று அது சொல்லிவிடும். சரியான பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ‘பிங்’ கட்டளை இன்னும் அழகு. தவறான கடவுச்சொல்லோடு தட்டினால் ‘அனுமதி இல்லை’ என்று சர்வர் திருப்பி அனுப்பும். மறுப்பதற்கும் உயிர் வேண்டுமல்லவா? அந்த மறுப்பையே ‘ஓடுகிறது’ என்ற விடையாகக் கட்டளை எடுத்துக்கொள்கிறது.

‘சரி, ஓடுகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அட்மின் வேண்டுமே’ என்பது அடுத்த வாதம். அதுவும் நிற்காது. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே ‘வியூ சர்வர் ஸ்டேட்’ என்ற தனி அனுமதி வந்துவிட்டது. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது, யார் யாரைத் தடுத்து நிற்கிறார், நினைவகம் எவ்வளவு போகிறது என்பதையெல்லாம் அது காட்டும். நோயாளி அட்டவணையின் ஒரு வரியைக்கூடத் திறந்து வாசிக்கவோ திருத்தவோ விடாது. போஸ்ட்கிரெஸ் 2017இல், 10ஆம் பதிப்பில், ‘பிஜி மானிட்டர்’ என்ற பொறுப்பையே கண்காணிப்பாளர்களுக்கென்று உருவாக்கியது. மைஎஸ்கியூஎல்லில் பொது நிலை எண்களைப் பார்க்க இணையும் உரிமை ஒன்றே போதும். மற்றவர்களின் இணைப்புகளைப் பார்க்க ‘பிராசஸ்’, நகல் சர்வர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அறிய ‘ரெப்ளிகேஷன் கிளையண்ட்’, அவ்வளவுதான். இவற்றைத் தயாரித்தவர்கள் கண்காணிப்பு வேறு, நிர்வாகம் வேறு என்று பிரித்துவைத்துப் பல வருடங்கள் ஆகின்றன.

அப்படியென்றால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நிஜமான காரணம் இருக்கிறது; அதைச் சொல்லாமல் தாண்டிப்போவது நேர்மையாகாது.

எஸ்கியூஎல் சர்வரின் மேலாண்மைத் திரையில் தொலைவிலுள்ள சர்வரின் பெயருக்கு முன்னால் ஒரு சின்னம் தெரியும். சேவை ஓடினால் பச்சை அம்புக்குறி. சிலருக்கு அந்த இடத்தில் நிறமற்ற வெற்று வட்டம் மட்டுமே வரும். கேள்வி அனுப்பினால் பதில் வருகிறது, ஆனால் பச்சை மட்டும் வரவில்லை. ‘அனுமதி போதவில்லை, ஆகவே தரவுத்தளத்தின் தலைமை நிர்வாகிக் கணக்கான எஸ்ஏ வேண்டும்’ என்ற முடிவுக்கு வருவது அங்கேதான். ஆனால் அந்தப் பச்சையைத் தருவது தரவுத்தளம் அல்ல, விண்டோஸ். சேவை ஓடுகிறதா என்று திரை விண்டோஸிடம் டபிள்யூஎம்ஐ என்ற அதன் மேலாண்மை இடைமுகம் வழியாகக் கேட்கிறது. எஸ்ஏ என்பது தரவுத்தளத்துக்குள் மட்டுமே செல்லும் பெயர். விண்டோஸ் வாசலில் அதைக் காட்டினால் யாருக்கும் தெரியாது. கதவு ஒன்று, பூட்டு வேறொன்று. கேட்டு வாங்கிய உச்சபட்ச அதிகாரம், கேட்ட வேலைக்கே உதவுவதில்லை.

விண்டோஸ் பக்கம் கெடுபிடி கூடியதற்கும் ஒரு தேதி உண்டு. சர்வர் 2003இன் முதல் சர்வீஸ் பேக்கில், நிர்வாகி அல்லாதவர்கள் தொலைவிலிருந்து சேவை மேலாளரை அணுகுவதை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. அதுவரை ஓடிய கருவிகள் திடீரென்று ‘அனுமதி மறுப்பு’ என்றன. அவசரத்தில் பலர் கண்டுபிடித்த மருந்து, கண்காணிப்புக் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் சேர்ப்பது. மருந்து பிறகு பழக்கமானது, பழக்கம் விதியானது. சரியான வழி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது: டிகாம் பயனர் குழு, செயல்திறன் கண்காணிப்பாளர் குழு, டபிள்யூஎம்ஐயின் குறிப்பிட்ட கிளையில் மட்டும் தொலை அனுமதி, அந்த ஒரு சேவைக்கு மட்டும் நிலையைக் கேட்கும் உரிமை. கொஞ்சம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைதான். ஒரு மதியம் போகும். அந்த ஒரு மதியத்தைச் சேமிப்பதற்காகவே முழு அதிகாரம் கைமாறுகிறது.

எஸ்கியூஎல் சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சுற்றும்கூடத் தேவையில்லை. அதன் சேவைகளின் நிலையைக் காட்டும் ஒரு பார்வை உள்ளேயே இருக்கிறது. முன்சொன்ன ‘வியூ சர்வர் ஸ்டேட்’ இருந்தால் இரவுநேர வேலைகளை நடத்தும் ஏஜெண்ட் ஓடுகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது கூற்று மென்மையானது, ஆனால் அதிக ஆபத்தானது. ‘பார்க்க மட்டும்தானே வாங்குகிறார், நம்பகமானவர், என்ன கெட்டுவிடப் போகிறது?’ இதற்கு விடை அந்த மனிதரின் நல்ல குணத்தில் இல்லை. அவர் பயன்படுத்தும் கருவியைப் பிடித்தவர் கையில் என்ன போய்ச் சேரும் என்பதே கேள்வி. 2020 டிசம்பரில் வெளியான சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் ஊடுருவப்பட்ட ஓரையன், வலையமைப்புகளைக் கண்காணிக்கும் மென்பொருள். விஷம் கலந்த புதுப்பிப்பு ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது. உள்ளே நுழையப்பட்ட இடங்களில் அமெரிக்க நிதித்துறையும் ஒன்று. எல்லாவற்றையும் பார்க்கும் கருவிக்கு எல்லா இடத்திலும் உயர் அதிகாரம் கொடுத்துவைத்திருந்தார்கள். திருடனுக்கு அதைவிட வசதியான ஏணி இல்லை. 2021 ஜூலை 2 அன்று கசேயாவின் தொலைப் பராமரிப்புக் கருவி வழியாகப் பிணைத்தொகை மென்பொருள் பரவியபோது, 800 முதல் 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டன. பல ஊர்களில் உள்ள சிறு தொழில்களே அதிகம். சுவீடனின் கூப் கடைகளில் கல்லாப்பெட்டி இயங்காமல் நூற்றுக்கணக்கான கிளைகளை மூடினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், தம்போயிலிருந்து பலர் தினமும் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் 2018இல் நடந்தது ஒன்று போதும். சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் எடுக்கப்பட்டன. 1,60,000 பேரின் மருந்துப் பதிவுகளும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியென் லூங்கின் பதிவு குறிவைத்துத் தேடப்பட்டது. தாக்கியவர்கள் தரவுத்தளத்தை நெருங்கிய பாதையில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு நிர்வாகிக் கணக்கும் இருந்தது. அதன் கடவுச்சொல் எவரும் ஊகிக்கக்கூடிய அளவுக்கு எளிமையானது. 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும், அதன் கணினிகளைக் கவனித்த நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும் அபராதம். பராமரித்தவருக்கே மூன்று மடங்கு.

இதே சம்பவத்தில் மறக்கக்கூடாத இன்னொரு பக்கம் உண்டு. ஜூலை 4ஆம் தேதி திருட்டு நின்றதற்குக் காரணம், தரவுத்தளத்துக்கு வழக்கத்துக்கு மாறான கேள்விகள் போவதைக் கவனித்த ஒரு நிர்வாகி. பார்வை அங்கே காப்பாற்றியது. இந்தக் கட்டுரை கண்காணிப்புக்கு எதிரானது அல்ல. அது எல்லா சர்வருக்கும் வேண்டும், இரவிலும் வேண்டும். அதற்கு அட்மின் அதிகாரத்தைக் கூலியாகக் கேட்பதுதான் தவறு.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு மிகைக்கூற்று இருக்கிறது: ‘பார்வை அனுமதி மட்டும் கொடுத்தால் கவலையே இல்லை.’ ஜாகாவின் நோட்டிலும் லாரி எண்கள் இருக்கின்றன. எந்த நாளில் எந்தச் சரக்கு போகிறது என்று அதிலிருந்தே தெரியும். ‘வியூ சர்வர் ஸ்டேட்’ உள்ளவர் அட்டவணையைத் திறக்க முடியாது, ஆனால் ஓடும் கேள்விகளின் வாசகத்தைப் பார்க்க முடியும். மென்பொருள் எழுதியவர் நோயாளியின் அடையாள அட்டை எண்ணை நேராகக் கேள்விக்குள் எழுதியிருந்தால், அந்த எண் அப்படியே கண்காணிப்பவர் திரைக்கு வரும். மைஎஸ்கியூஎல்லின் ‘பிராசஸ்’ அனுமதியிலும் இதே சிக்கல்தான். 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இந்த அனுமதியைச் செயல்திறன் நிலை, பாதுகாப்பு நிலை என்று இரண்டாக உடைத்ததே, அது நினைத்த அளவுக்குச் சிறியதல்ல என்ற ஒப்புதல்தான். கேள்விகளில் மதிப்புகளைத் தனி அளவுருவாக அனுப்பும்படி மென்பொருளை எழுதச் சொல்வதும் அனுமதி வேலையின் பகுதியே.

வழிகாட்டிகளையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. புரோமிதியஸ் என்ற கண்காணிப்புக் கருவிக்கு மைஎஸ்கியூஎல் எண்களை எடுத்துத் தரும் துணைக்கருவியின் வழிகாட்டி, எல்லாத் தரவுத்தளங்களின் மேலும் ‘செலக்ட்’ உரிமை கொடுக்கச் சொல்கிறது. அதாவது சம்பளப் பட்டியல் உட்பட அத்தனையையும் வாசிக்கலாம். செயல்திறன் அட்டவணைகளோடு அதைச் சுருக்கினால் பெரும்பாலான எண்கள் வந்துவிடும்.

யார் பார்க்கலாம் என்பதோடு எங்கிருந்து பார்க்கலாம் என்பதும் அனுமதிதான். 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழுவின் எடை 376 பைட் மட்டுமே. எஸ்கியூஎல் சர்வர் எந்த வாசலில் இருக்கிறது என்று வழிசொல்லும் 1434ஆம் எண் நுழைவில் அது புகுந்தது. கடவுச்சொல் எதுவும் கேட்கப்படவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. அந்த நுழைவை இணையத்துக்குத் திறந்துவைக்காத இடங்களுக்கு வெளியிலிருந்து வந்த தாக்கு எட்டவில்லை.

‘நடுராத்திரியில் சர்வர் விழுந்தால் யார் எழுப்புவது?’ நியாயமான கேள்வி. எழுப்பும் உரிமையை மட்டும் தனியாகக் கொடுக்கலாம். விண்டோஸில் ஒரே ஒரு சேவையை நிறுத்தவும் தொடங்கவும் ஒரு பயனருக்கு உரிமை எழுதிவைக்க முடியும். லினக்ஸில் சூடோ கோப்பில் ஒரு வரி. அதற்கும் மேற்பட்ட வேலை என்றால், முதலாளிக்குத் தெரிந்து திறந்து, வேலை முடிந்ததும் மூடும் வேறொரு கணக்கு இருக்கட்டும்.

கடைசியாக, ‘இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு’ என்பது. மலேசியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. வணிகத்தில் தனிநபர் தரவைக் கையாளும் கிளினிக்கும் கிடங்கும் அதற்குள் வரும். 2024இல் செய்த திருத்தத்தின்படி, பிறருக்காகத் தரவைக் கையாளும் ஒப்பந்தக்காரரும் 2025 ஏப்ரல் 1 முதல் பாதுகாப்புக் கடமைக்கு நேரடியாகக் கட்டுப்பட்டவர். உச்சத் தண்டனை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாகவும், சிறை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்திருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், கசிவு நேர்ந்தால் ஆணையருக்கு அறிவிப்பதும் கட்டாயம். நோயாளி அட்டவணையைத் திறக்கும் அதிகாரத்தை வாங்கி வைத்திருக்கும் பராமரிப்பாளர், அந்த அதிகாரத்தோடு வரும் பொறுப்பையும் சேர்த்தே சுமக்கிறார். குறைவாக வாங்குவது அவருக்கும் பாதுகாப்பு.

ஜொகூர் முழுவதும் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கும் நேரம் இது. குலாய் பக்கத்து மாபெரும் வளாகங்களில் இதையெல்லாம் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். தம்போய்க் கடைவீட்டுப் பின்னறை சர்வருக்கு அதன் முதலாளியும் அவருடைய ஒப்பந்தக்காரரும்தான். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எஸ்கியூஎல் சர்வரில் முழு அதிகாரம் தரும் ‘சிஸ்அட்மின்’ பொறுப்பில் இருப்பவர்களின் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள். கண்காணிப்புக் கணக்கு அதில் இருந்தால், முதலில் அதற்குப் பார்வை அனுமதியை எழுதிக் கொடுங்கள். பிறகு பட்டியலிலிருந்து நீக்குங்கள். இரண்டே கட்டளைகள். சர்வரை ஒரு நொடிகூட நிறுத்த வேண்டியதில்லை.