பின்பனிக் காலத்துத் தூண்டில்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியனார் வகுத்தார். செய்யுளுக்கென வகுக்கப்பட்ட அவ்விலக்கணம் மனிதன் செய்யும் தொழில் பலவற்றிற்கும் ஒக்கும். உழவன் பொழுதறியாது விதைப்பின் பயிர் பாழாம்; தூண்டிற்காரன் பொழுதறியாது நீரில் இறங்கின் பாழாவது அவனது பொழுதன்று, மீனின் குலமேயாகும். இவ்வுண்மையை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூயார்க்கு மாகாணத்து மலையாறுகளும் ஏரிகளும் நல்லதோர் எடுத்துக்காட்டாம். அங்கு வேனிற் பருவத் தொடக்கத்தில் தூண்டிற்கோலேந்தி ஆற்றிலிறங்குவார் திரளானவர். அவர்கள் எக்காலத்து, எவ்விடத்து, எங்ஙனம் இறங்கல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

முதற்கண் அவ்விளையாட்டின் இயல்பை அறிதல் நலம். நம்மூர்க் குளக்கரையில் சிறுவர் புழுவை முள்ளிற் கோத்து நீரில் விடுவர். புழுவும் ஈயக் குண்டும் தம் பாரத்தால் நூலை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலோ இதற்கு நேர்மாறானது. சிறு முள்ளின்மேல் இறகும் மயிரும் பட்டுநூலும் சுற்றிப் பூச்சியைப் போலச் செய்த போலி ஈக்குப் பாரமேயில்லை. ஆதலின் நூலையே பருமனாகவும் கனமாகவும் செய்து, கோலை முன்னும் பின்னும் வீசி, அந்நூலின் விசையாலேயே ஈயைச் செலுத்துவர். மீன் அன்று உண்ணும் பூச்சி எதுவோ அதனைப் போன்ற ஈயை, அப்பூச்சி மிதக்கும் முறையிலேயே மிதக்கவிடல் வேண்டும். எனவே இவ்விளையாட்டில் வல்லவனாக விரும்புவோன் முதலில் ஆற்றைக் கற்றல் இன்றியமையாதது.

காட்ஸ்கில் மலைத்தொடரில் தோன்றும் பீவர்கில், வில்லோவீமாக், எஸோபஸ், நெவர்சிங்க் என்னும் ஆறுகளும், டெலவேர் ஆற்றின் கிளைகளும் டிரௌட் மீனுக்குப் பெயர் பெற்றவை. பீவர்கில்லும் வில்லோவீமாக்கும் ராஸ்கோ என்னும் சிற்றூரில் ஒரு மடுவிற் கூடுகின்றன. எவ்வாற்றில் ஏறுவதெனத் துணியமாட்டாது அங்கேயே தங்கிவிட்ட இருதலை மீனொன்று அம்மடுவில் வாழ்வதாக அவ்வூரார் வேடிக்கையாகக் கதை சொல்வர். ஆண்டுதோறும் ஏப்பிரல் முதல் நாளில் அம்மடுவின் கரையில் தூண்டிற்காரர் கூடுவது நெடுநாளைய வழக்கு.

அந்நாள் அவர்களுடைய பஞ்சாங்கத்தில் வேனிற்காலத்தைச் சேர்ந்தது. நம் கணக்கின்படி அது பங்குனித் திங்களின் நடுப்பகுதி, அஃதாவது பின்பனி. ஆற்று நீரும் நம் முன்னோர் கணக்கையே மெய்ப்பிக்கின்றது. மலையுச்சியில் உறைபனி இன்னும் கிடக்க, அது உருகி வரும் நீர் பாரன்ஹீட் அளவில் 40 பாகைக்குக் கீழேயே நிற்கும். மீன் குளிர் இரத்தப் பிராணி. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். அத்தகைய தண்ணீரில் அதன் செரிமானமும் அசைவும் தளர்ந்துவிடும். அது விரைந்த ஓட்டத்தை விட்டு நீங்கி, ஆழ்ந்த மடுக்களின் அடியிலும், பாறையின் பின்னும், கரையோரத்து மெல்லிய நீரிலும் ஒடுங்கிக் கிடக்கும். எட்ட மிதக்கும் இரையைத் துரத்தி வாராது. வாயருகே அடியோடு ஒழுகி வருவதையே கவ்வும். நீர் 50 பாகையை எட்டும் நாளில்தான் அதற்கு ஊக்கம் பிறக்கும். அப்பொழுதே ஆற்றடியில் வளர்ந்த இளம்பூச்சிகள் மேலெழுந்து சிறகு விரிக்கும். காட்ஸ்கில் ஆறுகளில் இது பெரும்பாலும் ஏப்பிரல் மாதத்தின் பிற்பாதியில் நிகழ்வது.

இங்கே புதியவரை மயக்கும் ஒரு நுட்பமுண்டு. வெயில் ஏறினால் நீரும் வெதும்பும் என்றே எவரும் எண்ணுவர். மலையிற் பனி எஞ்சியுள்ள வரையில் அவ்வெண்ணம் பொய்யாவதுண்டு. நண்பகல் வெயில் பனியை உருக்க, உருகிய நீர் ஓடைவழி இறங்க, மாலையில் ஆறு முன்னிலும் பெருகிக் குளிர்ந்து நிற்கும். பனி தீர்ந்தபின்னரே வெயில் ஆற்றுக்குத் துணையாகும். எஸோபஸ் ஆற்றிலோ, பண்டைப் பனிப்பாறைக் காலத்து ஏரிகள் விட்டுச் சென்ற களிமண் கரையெங்கும் உண்மையால், வெள்ளம் வந்தால் நீர் செந்நிறமாகக் கலங்கிப் பன்னாள் தெளியாது. டெலவேரின் மேற்கிளையில் கானன்ஸ்வில் அணையின் அடிமதகினின்று வெளிவரும் நீரோ பருவ மாறுதலுக்கு அத்துணை ஆட்படுவதில்லை. ஒரு மலைத்தொடரிலேயே ஆற்றுக்கு ஆறு இயல்பு வேறு என்பது இதனால் விளங்கும்.

ஏரிகளின் இயல்பு இன்னும் வியப்புடையது. நீர் 39 பாகையளவில் மிகக் கனமுடையது. அதனிற் குளிர்ந்தால் இலேசாகி மேலே நிற்கும். ஆகவே மாரிக்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு உறைய, அடியில் சற்றே வெதுவெதுப்பான நீர் தங்கும். பனிக்கட்டி உடைந்து அகன்றபின் மேல்நீர் வெதும்பி அடிநீரின் நிலையை எட்டுகின்றது. அப்பொழுது காற்று வீச, ஏரி முழுதும் ஒன்றாகக் கலந்து, பிராணவாயு அடிவரை செல்லும். கோடையில் ஆழத்தில் மறையும் மீன்கள் அச்சில வாரங்களில் மேற்பரப்பையும் கரையையும் நாடி வரும். இதனை அறிந்தே தூண்டிற்காரர் பனிக்கட்டி அகலும் நாளை எதிர்பார்த்திருப்பர்.

ஆயினும் அப்பனி நீரே நஞ்சாகிய வரலாறும் உண்டு. மேற்றிசையிலுள்ள நிலக்கரி மின்னிலையங்களின் புகையிலுள்ள கந்தகமும் நைட்டிரஜனும் காற்றிற் கலந்து, அடிராண்டாக் மலைகளில் அமிலப் பனியாகப் பெய்தன. மாரி முழுதும் சேர்ந்த அமிலம் வேனில் தொடக்கத்தில் ஒருங்கே உருகி ஏரிகளிலும் ஓடைகளிலும் இறங்கியது. அது மண்ணிலுள்ள அலுமினியத்தையும் கரைத்துக் கொணர்ந்து மீனின் செவுளைத் தாக்கியது. பல ஏரிகள் மீனற்றுப் போயின. 1990ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பெற்றபின் புகை பெரிதும் குறைந்தது. ஏரிகளும் மெல்ல மெல்லத் தேறி வருகின்றன. எங்கோ எரிந்த நிலக்கரி எங்கோ வாழும் மீனைக் கொன்றது. சட்டம் அதனைத் தடுத்தது. ஆனால் காலடியிலேயே நிகழும் கேட்டைச் சட்டம் முற்றும் தடுத்தல் அரிது. அதனையே இனிக் கூறுவாம்.

பழுப்பு டிரௌட்டும், அந்நாட்டுப் பழங்குடியான ஓடை டிரௌட்டும் இலையுதிர் காலத்தில் முட்டையிடுவன. பெண்மீன் ஆற்றின் ஆழமற்ற பகுதியில் வாலால் பருக்கைக் கற்களை விலக்கிக் குழி செய்து, முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடிவிடும். முட்டைகள் மாரி முழுதும் அக்கல்லிடுக்கிற் கிடந்து, கற்களினூடே ஓடும் தூய நீரால் உயிர்க்கும். பொரித்த குஞ்சுகளும் உடனே வெளிவாரா. வயிற்றில் தொங்கும் மஞ்சட்கருப் பையிலுள்ள உணவை உண்டு, பரலடியிலேயே வளர்ந்து, வேனில் தொடக்கத்தில் வெளிப்படும். அஃதாவது, தூண்டிற்காரர் ஆவலோடு ஆற்றிலிறங்கும் அந்நாட்களில், அவர் காலின் கீழ் ஓர் இளந்தலைமுறை கண்விழித்துக் கொண்டிருக்கின்றது. அன்றியும் வானவில் டிரௌட்டு முட்டையிடும் பருவமோ வேனில் தொடக்கமே. அசோகன் நீர்த்தேக்கத்தினின்று எஸோபஸில் அவை ஏறி வருவதும் அப்பொழுதே.

மனிதர் காலடியால் இவற்றிற்கு உண்மையில் ஊறு நேருமா என்று சிலர் ஐயுறலாம். மொன்டானா மாகாணத்து ஆராய்ச்சியாளர் இதனைச் சோதித்து 1992இல் முடிவை வெளியிட்டனர். முட்டையிட்ட பரலின்மேல் வளர்ச்சிக்காலம் முழுதும் நாளுக்கு இருமுறை நடந்தபோது பத்தில் எட்டுக்கு மேற்பட்ட உயிர்கள் மடிந்தன. பொரிக்கும் தறுவாயில் ஒரே முறை நடந்தபோதும் நூற்றுக்கு 43 வரை அழிந்தன. மீனைக் கண்ணாற் காணாமலும், தூண்டிலால் தொடாமலும், அதன் மக்களை மிதித்துக் கொல்லலாம் என்பது இதனாற் பெறப்படும்.

முன்னாளில் அம்மாகாணத்து ஓடைகளில் ஏப்பிரல் முதல் நாளுக்கு முன் டிரௌட் பிடித்தல் பொதுவாக விலக்கப்பட்டிருந்தது. 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அக்டோபர் 16 முதல் மார்ச்சு 31 வரை, செயற்கை இரையைக் கொண்டு பிடித்து உடனே விட்டுவிடும் முறையில், ஓடைகளில் மீன்பிடிக்கலாம் என்று அது கூறுகின்றது. ஏனைய மாதங்களில் அளவிட்டுக் கொண்டு செல்லவும் அனுமதியுண்டு. இவ்விதியை ஆதரிப்பார் கூறும் காரணங்கள் மூன்று. பிடித்த மீனை விட்டுவிடுதலால் இழப்பில்லை என்பது ஒன்று. தூண்டிற்காரர் தரும் அனுமதிக் கட்டணமும் அன்புமே ஆறுகளைக் காக்கின்றன, மாரிக்காலத்தில் மலையூர்களின் வாணிகமும் அவராற் பிழைக்கும் என்பது மற்றொன்று. பொரிப்பகத்து மீன்களை ஆண்டுதோறும் ஆற்றில் விடுகின்றமையால் குறை நிரம்பிவிடும் என்பது மூன்றாவது.

இவற்றுள் இரண்டாவதை நாம் முழுமனத்தோடு உடன்படுகின்றோம். ஆற்றை நேசிப்பவனே அதற்காக வாதாடுவான். கரையில் ஒருவரும் வாராத ஆறு கழிவுநீர்க் கால்வாயாக மாறினும் கேட்பாரில்லை. ஆனால் முதற்காரணம் மீன்முள்ளைப் பற்றி மட்டும் பேசுகின்றது. காலணியைப் பற்றிப் பேசவில்லை. வாயினின்று முள்ளைப் பதமாக நீக்கி நீரில் விடுத்தவன், திரும்பிக் கரையேறுங்கால் நூறு முட்டைகளை நசுக்குவானாயின் அவன் கருணைக்குப் பொருள் என்னை? மூன்றாவது காரணமோ நோயை மறந்து மருந்தை மெச்சுவதாகும். தானே பிறந்து தானே பெருகும் மீன் அவ்வாற்றின் வெள்ளத்திற்கும் பனிக்கும் பழகிய குலத்தது. தொட்டியில் வளர்ந்தது அத்தகையதன்று. இயற்கையாகப் பெருகும் மீன்களையுடைய ஓடைகளைத் தனியே வகுத்துப் பேணுதல் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டில் அம்மாகாணத்தார் வெளியிட்ட திட்டமும் இதனையே உட்கொண்டுள்ளது.

ஆதலின் ஆற்றை மீண்டும் பூட்டிவிடுக என்று நாம் கூறவில்லை. சட்டம் திறந்த கதவுக்குள் புகுவோன் தன் அடியைத் தானே அளந்து வைத்தல் வேண்டும் என்பதே எமது கொள்கை. ஏப்பிரல் இறுதி வரையிற் கரையில் நின்றே வீசுதல் தக்கது. இறங்கியே தீரவேண்டுமாயின் பெருங்கற்பாறை மேலும் ஆழ்ந்த மடுவோரத்தும் நடக்கலாம். மடு முடிந்து நீர் மேலெழும் பரல்திட்டையை மிதித்தலாகாது. முட்டையிட்ட நாளில் வெண்மையாகத் துலங்கிய குழிகள் வேனிலுக்குள் பாசியும் மண்ணும் படிந்து சுற்றுப்புறத்தோடு ஒன்றாகிவிடும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பது அங்கே முட்டையில்லை என்பதற்குச் சான்றாகாது. உறையும் காற்று வீசும் நாளில் மீனை நீரினின்று உயர்த்தாமலே விடுவித்தல் வேண்டும். வெப்பமானியை நீரில் இட்டு, 40 பாகைக்குக் கீழெனின் அன்று தூண்டிலைச் சுருட்டுதலே அறிவுடைமை.

இவ்வாறு பொறுத்தலால் விளையாட்டின் சுவை குறையும் என அஞ்சுவார்க்குத் தியடோர் கார்டனின் வரலாறு தக்க விடையாகும். 1854இற் பிறந்து 1915இல் மறைந்த அவர் நெவர்சிங்க் ஆற்றங்கரையில் வாழ்ந்தார். மிதக்கும் ஈயைப் பற்றி நூலியற்றிய இங்கிலாந்துப் பெரியார் ஹால்போர்டு என்பார்க்குக் கடிதம் எழுத, அவர் 1890இல் தம் ஈக்கள் பலவற்றை அனுப்பிவைத்தார். அவை தென்னிங்கிலாந்தின் மெதுவாக ஓடும் தெளிநீருக்கு ஏற்றவை. அங்குள்ள பூச்சிகளின் வடிவம் பெற்றவை. கார்டன் அவற்றைப் போற்றிக் கற்றார். கற்றபின் தம் ஆற்றின் கரையில் அமர்ந்து, அங்கே எழும் பூச்சிகளை நோக்கித் தம் ஈக்களைக் கட்டினார். அவர் பெயரால் வழங்கும் ஈ, ஏப்பிரலில் முதலில் எழும் பூச்சியொன்றின் போலியாகும். பிறநாட்டு நூலைக் கற்றும் தன்னாட்டு நீரை மறவாத அப்பண்பு, பிறமொழி இலக்கியம் பயிலும் நமக்கும் உரியதன்றோ? அவர் வீசிய நெவர்சிங்க் ஆற்றின் ஒரு பகுதி பின்னர் நியூயார்க்கு நகரத்தார்க்கு நீர் தருதற்பொருட்டு நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. பழைய நெவர்சிங்க் என்னும் ஊரும் அதனுள் மறைந்தது. ஆறு நிலையாதது என்பதும் அதனால் தெரிகின்றது.

கடல் கடந்த இவ்வாறுகளைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று வினவுவாரும் உளர். நம் நீலமலையின் குளிர்ந்த ஓடைகளிலும் வானவில் டிரௌட்டு வாழ்கின்றது. ஆங்கிலேயர் பலகாலம் முயன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை அங்கு நிலைக்கச் செய்தனர். அவலாஞ்சியிற் பொரிப்பகமும் அமைந்தது. விருந்தாக வந்த அவ்வுயிரை அங்கே பேணுதலும், அதனோடு அவ்வோடைகளின் பழங்குடி உயிர்களைப் பேணுதலும் நம் கடமையாகின்றது. நீரும் பொழுதும் அறியாத ஆர்வம் எங்கும் தீங்கே பயக்கும்.

வள்ளுவர் காலமறிதல் என்னும் ஓர் அதிகாரமே வகுத்து, அதன் இறுதியில் கொக்கை உவமை காட்டினார். கொக்கு நீரிலும் நிற்கின்றது, மீனையும் பிடிக்கின்றது. ஆயினும் நீரைக் கலக்குவதில்லை. தூண்டிற்கோலேந்துவோர் அதனிடம் பொறுமையைக் கற்பாராக. கற்பின், மீனும் பிழைக்கும். அடுத்த தலைமுறைக்குத் தூண்டிலும் பிழைக்கும்.