நீங்கள் கேட்டவை: வேப்ப மரத்தில் புகை... குறைக்க வேண்டியது வேகத்தையா, ஆழத்தையா?

"எனக்கு இரண்டு ஏக்கர் ஏரிப்பாசன நிலம். மகன், ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் வங்கிக் கடனில் மரம் செதுக்கும் சி.என்.சி ரவுட்டர் (2.2 கிலோவாட்) வாங்கினோம். பேக்கிங் பெட்டி பைன் மரத்தில் நன்றாக ஓடியது. எங்கள் வரப்பில் நின்ற வேம்பை அறுத்துக் கதவு வேலைக்கு வைத்தால், பிட் உடைகிறது. வேகத்தைக் குறைத்தால் புகை வந்து ஓரம் கருகுகிறது. 6 மி.மீ கார்பைடு பிட், இரண்டு ஃப்ளூட், 18,000 சுற்று, ஆழம் 6 மி.மீ. ஃபீட் முதலில் நிமிடத்துக்கு 3,000 மி.மீ, இப்போது 600. இரண்டு கதவுக்கு முன்பணம் வாங்கிவிட்டோம். மெஷினை விற்றுவிடலாமா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

விற்க வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மெஷினில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. பிட் உடைந்ததும் உங்கள் மகன் வேகத்தைக் குறைத்திருக்கிறார். குறைத்திருக்க வேண்டியது ஆழத்தை.

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்பது உழவுக்குச் சரி. கடின மரத்தில் ரவுட்டர் ஓட்டும்போது அது தலைகீழ். மேலாக வெட்டி, வேகமாக ஓட்டி, இரண்டு மூன்று தடவையில் ஆழத்தை எட்ட வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் கார் ஆலை வந்தது. அதிலிருந்து உங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் உலோகம் வெட்டும் மெஷினில் பழகியவர்கள். அங்கே வெட்டும் இடத்தில் கூலன்ட் ஊற்றிச் சூட்டை இறக்குவார்கள். மரத்தில் அது கிடையாது. வெட்டுப்பட்டு வெளியே பறக்கும் சீவல்தான் சூட்டைச் சுமந்துகொண்டு போக வேண்டும். சீவல் மெலிந்து தூளாகிவிட்டால், பிட் மரத்தை வெட்டாமல் தேய்க்கிறது என்று அர்த்தம். சூடு பிட்டிலேயே தங்கும். முதலில் மரம் கருகும். அடுத்து பிட்டின் கூர் போகும். மொண்ணையான பிட் கூடுதல் அழுத்தம் தாங்காமல் உடையும்.

கணக்கு எளிது. ஃப்ளூட் என்பது பிட்டில் உள்ள வெட்டும் விளிம்பு. ஒவ்வொரு விளிம்பும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு கனமாகச் சீவுகிறது என்பதுதான் முக்கியம்.

சுற்று × ஃப்ளூட் எண்ணிக்கை × சீவல் கனம் = ஃபீட்.

இப்போது 600 மி.மீ ஃபீடில் ஓட்டுகிறீர்கள். 18,000 சுற்று, இரண்டு ஃப்ளூட் என்றால் சீவல் கனம் சுமார் 0.017 மி.மீ. இது வெறும் தேய்ப்பு. 6 மி.மீ பிட்டுக்குக் கடின மரத்தில் 0.08 முதல் 0.12 மி.மீ வரை இருக்கலாம். அதாவது, ஏறக்குறைய ஒரு நோட்டுத் தாளின் கனம். 0.08 என்று வைத்தால்,

18,000 × 2 × 0.08 = 2,880 மி.மீ.

முதலில் வைத்த 3,000-க்குப் பக்கத்தில்தான் இது வருகிறது. ஆக, அன்று ஃபீட் சரி, 6 மி.மீ ஆழம்தான் அதிகம். பைன் இளகிய மரம், பொறுத்துக்கொண்டது. வேம்பு கனமான மரம். இழைகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். ஒரே மூச்சில் அவ்வளவு ஆழம் கொடுக்காது. பிட்டின் விட்டத்தில் பாதி, அதாவது 3 மி.மீ ஆழத்தில் தொடங்குங்கள். மெஷின் அதிர்ந்தால் 2 மி.மீ. ஃபீடைத் தொடாதீர்கள்.

'இரண்டு தடவை ஓட்டினால் நேரம் போகுமே' என்று தோன்றும். ஒரு மீட்டர் நீளம், 6 மி.மீ ஆழமுள்ள பள்ளத்துக்கு இப்போது 100 விநாடி ஆகிறது. 3 மி.மீ வீதம் 2,880-ல் இரண்டு தடவை ஓட்டினால், வெட்டும் நேரம் சுமார் 42 விநாடிதான்.

மெஷின் சட்டம் லேசானதாக இருந்து 2,880-ல் ஆடினால், ஃபீடை மட்டும் குறைக்காமல் சுற்றையும் சேர்த்துக் குறையுங்கள். 12,000 சுற்றுக்கு, அதே கணக்கில் 1,920 வரும். அதற்குக் கீழே சுற்றை இறக்கினால் ஸ்பிண்டிலின் இழுவை குறைந்துவிடும். நுண்ணிய வேலைக்கு 3 மி.மீ பிட் போட்டால், சீவல் கனம் 0.04, ஆழம் 1 முதல் 1.5 மி.மீ என்று வையுங்கள். 18,000 சுற்றுக்கு ஃபீட் 1,440.

கூடவே கவனிக்க வேண்டியவை:

* பிட்டை கொலெட்டுக்கு வெளியே தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். நீளம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் வளைவு எட்டு மடங்காகும்.

* பிட்டை நேராகக் குத்தி இறக்காமல், சரிவாக இறங்கும்படி (ராம்ப்) புரோகிராம் போடுங்கள். இறங்கும் வேகம், ஃபீடில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

* பச்சை மரத்தில் செதுக்காதீர்கள். பலகைகளுக்கு இடையில் குச்சி வைத்து, நிழலில் அடுக்கிக் காயவிடுங்கள். ஈரப்பதம் 12 சதவிகிதம் அளவுக்கு இறங்கியதை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மெஷினில் ஏற்றுங்கள். இல்லையென்றால், செதுக்கிய பிறகு கதவு முறுக்கிக்கொள்ளும்.

* தேக்குக்கு மாறும்போது பிட் சீக்கிரம் மழுங்கும். அந்த மரத்தில் உள்ள சிலிக்காதான் காரணம். பேக்கிங் மரத்தில் ஆணி மிச்சம் இருந்தால், கார்பைடு பிட் ஒரே அடியில் சிதறிவிடும்.

* புகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கங்கு ஒன்று தூசி உறிஞ்சும் பைக்குள் போனால், மணிக்கணக்கில் கனன்று கொட்டகையே எரியலாம். கருகல் வாடை வந்தால் மெஷினை நிறுத்தி, பையை வெளியே எடுத்துச் சோதியுங்கள். நுண்ணிய மரத்தூள் நுரையீரலுக்கும் ஆகாது, முகக்கவசம் கட்டாயம்.

* விவசாய இலவச மின்சாரம் பாசன மோட்டாருக்கு மட்டும்தான். அந்த இணைப்பில் ரவுட்டரை ஓட்டினால் அபராதம் வரும். தொழிலுக்கென தனி இணைப்பு வாங்கிவிடுங்கள்.

கதவுப் பலகையில் கை வைப்பதற்கு முன், அதே வேம்பின் கழிவுத் துண்டில் ஒரு முழ நீளம் ஓட்டிப் பாருங்கள். கைநிறைய எடுத்துத் தேய்த்தால், மாவுபோல் இல்லாமல் செதில் செதிலாக இருக்க வேண்டும். மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு பிட் அருகே கையைக் கொண்டுபோங்கள். அனலடித்தால் தொடாதீர்கள், சீவல் இன்னும் மெலிதாக இருக்கிறது என்று பொருள். ஃபீடை 200 மி.மீ கூட்டுங்கள். அதிர்வோ அலறலோ கேட்டால் ஆழத்தை அரை மி.மீ குறையுங்கள். சரியாக அமைந்த எண்களை, மரத்தின் பெயர் போட்டு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வேம்புக்கு ஒரு பக்கம், தேக்குக்கு ஒரு பக்கம், வேங்கைக்கு ஒரு பக்கம் என்று சேர்ந்துவிட்டால், அடுத்த ஆர்டருக்குப் பயப்பட வேண்டியதில்லை.

முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பினால், பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரவேலை இயந்திரப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். முன்பணம் வாங்கிய கதவுகளுக்கு, மழுங்கிய பழைய பிட்டை ஒதுக்கிவிட்டுப் புதிய பிட்டில் தொடங்கச் சொல்லுங்கள். 3 மி.மீ ஆழம், 2,880 ஃபீட்.