ரீபூட் செய்வதற்கு முன்

"சர்வர் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று யாராவது குரல் கொடுத்தால், பல அலுவலகங்களில் உடனே கிடைக்கும் பதில் "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதுதான். ரீஸ்டார்ட் செய்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்பதுதான் என் கவலை. எந்த ப்ராசஸ் மெமரியைத் தின்றது, எது டிஸ்க்குக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது என்பதற்கான தடயம் முழுக்க அந்த ஒரு நொடியில் அழிந்துபோகிறது. அடுத்த வாரம் அதே சிக்கல் வரும், மறுபடியும் ரீஸ்டார்ட். சில மாதம் இப்படிப் போனபின், "புது சர்வர் வாங்கிடலாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ரீபூட் பட்டனில் கை வைக்குமுன் டெர்மினலில் ஐந்து நிமிடம் உட்காருங்கள் என்று சொல்லத்தான் இந்த வாரப் பத்தி. சர்வர் மூச்சுத் திணறும்போது, அழகான வரைபடங்கள் காட்டும் மென்பொருள்கள் திறக்கவே தவிக்கும். 'டாப்' என்ற கட்டளை அப்போதும் வந்துவிடும். மெதுவான மொபைல் இணைப்பில் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தாலும் வேலை செய்யும். 1984-இல் வில்லியம் லெஃபெவ்ர் பிஎஸ்டி யூனிக்ஸுக்காக எழுதிய கருவி அது. இன்று பலர் விரும்பும் 'எச்டாப்' 2004-இல் ஹிஷாம் முகம்மது என்ற பிரேசில்காரர் தொடங்கியது. லினக்ஸில் இரண்டுமே எண்களை எடுப்பது 'ப்ராக்' என்ற அடைவிலிருந்து. அதில் உள்ளவை டிஸ்க்கில் கிடக்கும் கோப்புகள் அல்ல. நாம் திறந்து படிக்கும் அந்தக் கணத்தில் கர்னல் எழுதித் தருபவை. காசு கொடுத்து வாங்கும் டாஷ்போர்டுகளும் பெரும்பாலும் இங்கிருந்துதான் எண்களை அள்ளுகின்றன.

டாப் திரையின் முதல் வரியில் லோடு ஆவரேஜ் என்று மூன்று எண்கள் இருக்கும்: கடைசி 1, 5, 15 நிமிடங்களின் சராசரி. முதல் எண் பெரிதாகவும் மூன்றாவது சிறிதாகவும் இருந்தால் நெருக்கடி ஏறிக்கொண்டிருக்கிறது. தலைகீழாக இருந்தால் தணிந்துகொண்டிருக்கிறது. இதுவரை குழப்பமில்லை. இந்த எண்ணை சிபியுவின் பளு என்று படிப்பதில்தான் தவறு நேர்கிறது.

மற்ற பல யூனிக்ஸ்களில் லோடு என்றால் சிபியுவில் ஓடுபவையும் அதற்காகக் காத்திருப்பவையும்தான். லினக்ஸ் அதோடு, டிஸ்க் போன்றவற்றின் பதிலுக்காக அசையாமல் நிற்கும் ப்ராசஸ்களையும் கூட்டிக்கொள்கிறது. இந்த மாற்றத்தை 1993-இல் முன்வைத்தவர் மத்தியாஸ் உர்லிக்ஸ். வேகமான ஸ்வாப் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெதுவான டிஸ்க்கைப் போட்டால் இயந்திரம் திணறுகிறது, ஆனால் லோடு எண்ணோ குறைகிறது. இது அபத்தம் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். பலருக்கும் மறந்துபோன இந்தக் கதையை 2017-இல் பழைய மின்னஞ்சல் சேமிப்புகளில் தேடி எடுத்தவர் செயல்திறன் வல்லுநர் பிரெண்டன் கிரெக். ஒரு கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க நிற்பவர்களோடு, லேப் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணுவது போன்றது இது. கூட்டம் நிரம்பி வழியும், டாக்டரோ சும்மா இருப்பார்.

இப்படி ஒரு திரையை நினைத்துப் பாருங்கள். நான்கு கோர் உள்ள சர்வர். லோடு 32. பார்த்ததும் "சிபியு பத்தல" என்றுதான் யாருக்கும் தோன்றும். கண்ணை இரண்டு வரி கீழே இறக்கி சிபியு வரிக்கு வாருங்கள். நிரல்களை ஓட்டிய நேரத்தைக் காட்டும் 'யுஎஸ்' 3 சதவீதம், காத்திருந்த நேரத்தைக் காட்டும் 'டபிள்யூஏ' 85. சிபியுவுக்குச் செய்ய வேலையே இல்லை, டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்துக்கிடக்கிறது. கீழே ப்ராசஸ் பட்டியலில் 'எஸ்' என்ற பத்தியைப் பார்த்தால், வரிசையாக 'டி' என்ற எழுத்து. இவை டிஸ்க்குக்காக நிற்பவை. 'கில் மைனஸ் 9' கொடுத்தாலும் பொதுவாக அசையாது. அடுத்து 'ஐஓடாப்' போட்டால் டிஸ்க்கை யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று தெரியும். இரவில் முடிந்திருக்க வேண்டிய பேக்கப் காலை பதினொரு மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கலாம். 'டிமெசேஜ்' பார்த்தால் டிஸ்க்கே சாகக் கிடப்பதாகக் கர்னல் எழுதிவைத்திருக்கலாம். இந்தச் சர்வருக்கு எட்டு கோர் வாங்கிப் போட்டாலும் ஒரு பயனும் இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்காக இருந்தால் ரீபூட் செய்வது ஆபத்தும்கூட. திரும்ப எழுந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

லோடு எண்ணில் கலந்துகிடப்பதைப் பிரித்துக் காட்ட 2018 கடைசியில் வந்த 4.20 கர்னலில் ஒரு வழி சேர்ந்தது. ஃபேஸ்புக்கில் இருந்த யோஹன்னஸ் வைனர் எழுதியது. ப்ராக்கில் 'ப்ரெஷர்' என்ற அடைவு இருந்தால் திறந்து பாருங்கள். சிபியு, மெமரி, ஐஓ என்று தனிக் கோப்புகள் இருக்கும். கடந்த 10, 60, 300 நொடிகளில் எவ்வளவு சதவீத நேரம் எதற்காகக் காத்திருக்க நேர்ந்தது என்பதைத் தனித்தனியாகச் சொல்லும். இதை இன்னும் பலர் பயன்படுத்தவில்லை என்பது எனக்கு வருத்தம்.

மெமரி விஷயத்தில் பயம்தான் எதிரி. 16 ஜிபி ரேமில் 'ஃப்ரீ' 300 எம்பி என்று காட்டினால் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமைக் கோப்புகளின் நகல்களால் நிரப்பி வைப்பது லினக்ஸின் வழக்கம், தேவைப்பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது 'ஃப்ரீ' கட்டளை காட்டும் 'அவைலபிள்' என்ற பத்தியை. உண்மையான பஞ்சத்தை 'விஎம்ஸ்டாட்' காட்டும்: 'எஸ்ஐ', 'எஸ்ஓ' இரண்டும் தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் நின்றால், ரேமுக்கும் ஸ்வாப்புக்கும் இடையே பக்கங்கள் ஓயாமல் அலைகின்றன என்று பொருள். அதன் முதல் வரியை மட்டும் தள்ளிவிடுங்கள். அது பூட் ஆனதிலிருந்து உள்ள சராசரி, இப்போதைய நிலவரம் அல்ல.

சில நேரம் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று 'டிஎஃப்' சொல்லும், 'டியு' கூட்டிப் பார்த்தால் பாதிகூட வராது. யாரோ பெரிய லாக் கோப்பை அழித்திருப்பார்கள், ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த ப்ராசஸ் இன்னும் அதைப் பிடித்திருக்கும். பிடி விடும்வரை இடம் திரும்ப வராது. 'எல்எஸ்ஓஎஃப்' அந்த ப்ராசஸின் பெயரைச் சொல்லிவிடும். அந்த ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும், முழுச் சர்வரையும் இறக்கத் தேவையில்லை. வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் என்றால் டாப்பில் 'எஸ்டி' என்ற எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். அது தொடர்ந்து உயர்ந்து நின்றால், உங்கள் சர்வருக்குச் சேர வேண்டிய சிபியு நேரம் அதே இயந்திரத்தில் வேறு யாருக்கோ போகிறது. உங்கள் நிரலில் குற்றம் தேட வேண்டாம், வாடகைக்குத் தந்தவரிடம் கேளுங்கள்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். இன்றே 'சிஸ்ஸ்டாட்' தொகுப்பை நிறுவுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைச் சேகரித்து வைப்பது அதன் வழக்கமான அமைப்பு. ரீபூட்டுக்குப் பிறகும் அவை இருக்கும். நிறுவியதோடு விடாமல், சேகரிப்பு நடக்கிறதா என்றும் சரிபாருங்கள். ரீபூட் செய்தே தீர வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன் அப்டைம், ஃப்ரீ, விஎம்ஸ்டாட், பிஎஸ், டிஎஃப், டிமெசேஜ் ஆறின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்து, வேறொரு கணினிக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு ரீபூட் செய்யுங்கள்.