முகப்பைக் காக்கும் சட்டம் குடிசையின் கூரையையும் பார்க்கட்டும்

தஞ்சைப் பெரிய கோயில் 1987-லும், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் 2004-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தன. நம் மாவட்டத்துக்குப் பெருமைதான். இவற்றையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள மற்றச் சின்னங்களையும் காக்க, சுற்றிலும் எழும் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு தேவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் கட்டுப்பாட்டின் சுமை யார் தலையில் அதிகம் விழுகிறது என்பதே நம் கேள்வி.

1958-ம் ஆண்டின் பழங்கால நினைவுச் சின்னங்கள் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டது. அதன்படி, சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதிதாகக் கட்டவோ, இடித்துவிட்டுக் கட்டவோ முடியாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே முன் அனுமதி பெற்றுக் கட்டலாம். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தடை செய்யப்பட்ட பகுதியிலும் ஒரு சலுகை உண்டு. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஆனால், மாடி வீட்டுக்காரர் ஒருமுறை அனுமதி வாங்கிப் பழுதுபார்த்தால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. மண்சுவரும் கீற்றுக் கூரையுமாக இருப்பவருக்குப் பழுதுபார்ப்பு என்றால் மீண்டும் கீற்று வேய்வதுதான். அரசுத் திட்டத்தில் கான்கிரீட் வீடு வந்தாலும், குடிசையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் அதை எழுப்பச் சட்டம் இடம் தராது. வீடு 1992-க்கு முன்பே இருந்தது என்று காட்ட ஆவணமும் வேண்டும். பட்டாவுக்காகத் தலைமுறை தலைமுறையாக மனு கொடுத்துவரும் சேரி மக்கள் அந்த ஆவணத்துக்கு எங்கே போவார்கள்?

இன்னொன்றையும் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சாக்கடை, பொதுக் கழிப்பறை, பொதுக் குடிநீர், மின் வழங்கல் ஆகியவற்றுக்கான பணிகளை இந்தச் சட்டம் 'கட்டுமானம்' என்ற சொல்லின் வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே, "கோயில் பக்கத்தில் இருக்கிறது, தொல்லியல் துறை விடாது" என்று சொல்லி இந்த வசதிகளை யாராவது மறுத்தால், எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியே பாரம்பரியத் துணை விதிகள் வகுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. வீட்டின் முகப்பு, வெளித்தோற்றம், வடிகால், சாலை, மின்கம்பம் எல்லாம் அதில் அடங்கும். தெருவின் தோற்றத்தை முடிவு செய்யும் இந்த விதிகளைப் பற்றிச் சேரித் தெருவிலும் வந்து கேட்பதுதான் முறை.

ராஜராஜன் காலத்துப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேரி இருந்ததற்கு அந்தக் கல்லே சாட்சி. எழுத்தைக் காக்கும் அரசு, அந்த எழுத்து குறிக்கும் சேரிகளின் இன்றைய மக்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பவை இவை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 300 மீட்டருக்குள் உள்ள ஆதிதிராவிடர் குடியிருப்புகளைக் கணக்கெடுத்து, எந்த வீடு எந்தப் பகுதியில் வருகிறது என்று தமிழில் அறிவிக்க வேண்டும். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவற்றைக் குடியிருப்புக்கான சான்றாக ஏற்க முயல வேண்டும். வரைபடமும் விண்ணப்பமும் தயாரிக்க அரசுச் செலவில் உதவ வேண்டும். 100 மீட்டருக்குள் குடிசையில் இருப்பவர்களில் விரும்புகிறவர்களுக்கு, அதே ஊரிலேயே பட்டாவோடு மனையும் வீடும் தர வேண்டும். விரும்பாதவரை வெளியேற்றக் கூடாது. துணை விதிகள் பற்றிய கருத்துக் கேட்பில் நம் மக்களுக்கும் இடம் வேண்டும்.

கோபுரத்தின் அழகு கெடக் கூடாது என்பது நியாயம். அந்தக் கோபுர நிழலில் வாழ்கிறவர் மழைக்கு ஒழுகாத கூரை கேட்பதும் நியாயம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே அரசின் கடமை.