‘ஜி.எஸ்.’ என்பது ‘ஜெனரல் சர்வீஸ்’ அன்று

குப்பத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் வெள்ளிக் கைக்கடிகாரம் ஒன்றின் படம் சில நாட்களாக வாட்சப் குழுக்களில் சுற்றி வருகிறது. பின்மூடியின் உட்புறத்தில் ‘ஜி.எஸ்.’ என்னும் எழுத்துகள், ‘.925’ என்னும் எண், சிம்ம ராசிக் குறியை ஒத்த ஒரு முத்திரை, ‘யு’ என்னும் சிறிய ஆங்கில எழுத்து ஆகியவை தெளிவாகத் தெரிகின்றன. படத்தோடு வரும் விளக்கம் இது: “ஜி.எஸ். என்றால் ஜெனரல் சர்வீஸ். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசே தன் சிப்பாய்களுக்குச் செய்து கொடுத்த கடிகாரம்.” பழம்பொருள் வணிகர் ஒருவர் விலையேற்றுவதற்காக இப்படி எழுதியிருந்தால் பொருட்படுத்தாமல் விட்டிருப்பேன். கல்வெட்டும் சுவடியும் படித்தவர்களே இதனைப் பாராட்டிப் பகிர்வதால் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

இவ்வாசிப்பு முற்றிலும் பிழை. 1907 ஜூன் 1 முதல், வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்குள் வரும் தங்க, வெள்ளிக் கடிகாரக் கூடுகள் அனைத்தும் அங்குள்ள மாற்றுச் சோதனை நிலையம் ஒன்றில் உரசிப் பார்த்து முத்திரை பெற வேண்டும் என்பது சட்டம். சோதனைக்குக் கொண்டுவந்து ஒப்படைப்பவர் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பதிக்க வேண்டும். வெள்ளியின் தூய்மைக்குப் பொறுப்பேற்பவர் அவர். கடிகாரத்தைச் செய்தவர் அல்லர். அக்காலத்துக் கூடுகளில் காணப்படும் ‘ஜி.எஸ்.’, சுவிட்சர்லாந்திலிருந்து சரக்கை வரவழைத்துக் கொடுத்த லண்டன் முகவர் ஜார்ஜ் ஸ்டாக்வெல்லின் குறி. ‘ஏ.ஜி.ஆர்.’ என்பது ஆர்தர் ஜார்ஜ் ரெண்டெல் என்பவருடையது. இவர்களில் எவரும் கடிகாரம் செய்ததில்லை. சிம்மக் குறி லண்டன் சோதனை நிலையத்தின் இறக்குமதி முத்திரை. ‘யு’ என்பது 1915 மே முதல் 1916 மே வரையிலான ஆண்டெழுத்து. அதுவும் சோதனை நடந்த காலத்தையே சொல்கிறது.

‘ஜெனரல் சர்வீஸ்’ என்னும் மயக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் வெளிப்படை. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் படைச் சட்டைப்பைக் கடிகாரங்களில் ‘ஜி.எஸ்.டி.பி.’ என்று பொறித்தார்கள். அது மலிந்த உலோகக் கூட்டின் வெளிப்புறத்தில், அரசு உடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறியோடு இருக்கும். ஒரு தலைமுறை பிந்திய வழக்கத்தை முந்திய பொருளின் மேல் ஏற்றி வாசிப்பது, நாயக்கர் காலச் சொல்லைச் சோழர் கல்வெட்டில் தேடுவதற்கு ஒப்பானது.

நாம் இப்பிழையைச் செய்யலாமா? ஏட்டின் இறுதியில் பெயர் எழுதியவரை நூலாசிரியர் என்று கொள்பவரைச் சுவடிப் பதிப்பில் சேர்ப்போமா? செங்கத்து நடுகல்லின் தொடக்கத்தில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வருவதால், வீழ்ந்தவன் அரசனே என்று எவரேனும் வாசித்ததுண்டா? அங்கே காட்டும் கவனத்தை இங்கே கைவிடுவதற்குக் காரணம், கடிகாரத்தை ஆவணமாக நாம் மதிக்காததுதான்.

‘தயாரித்தவர் யார்’ என்னும் வினா உண்மையில் மூன்று வினாக்கள். கூட்டைச் செய்தவர் யார்? உள்ளியந்திரத்தைச் செய்தவர் யார்? விற்றவர் யார்? கூட்டில் ‘எஃப்.பி.’ என்னும் எழுத்துகளோடு ஒரு சாவி இருந்தால் அது ஜெனீவாவின் போர்கெல் பட்டறை. போர்க்காலத்தில் அதனை நடத்தியவர் நிறுவனரின் மகள் லூயிசா போர்கெல். ‘டபிள்யூ அண்ட் டி’ என்றிருந்தால் வில்ஸ்டார்ஃப் அண்ட் டேவிஸ்; ரோலெக்ஸ் என்னும் பெயரைப் பதிவு செய்த வணிகர்களாகிய இவர்களும் உள்ளியந்திரத்தைப் பீல் நகரத்து ஏக்லரிடமிருந்தே வாங்கினார்கள். முகப்புத் தகட்டில் பெயர் இல்லாமை குறையன்று. தயாரித்தவர் பெயரை வாங்குபவர் அறியலாகாது என்பதே அன்றைய பிரிட்டிஷ் கடைக்காரர்களின் விருப்பம். ஆகவே தேட வேண்டிய இடம் உள்ளியந்திரத்தின் அடித்தகடு. முகப்பைக் கழற்றினால்தான் பல வேளைகளில் குறி தென்படும். வரிசை எண்ணும் உதவும்: செயிண்ட் இமியரின் லாஞ்சின் நிறுவனம் தன் பழைய பேரேடுகளைப் பார்த்து இன்றும் விடை தருகிறது.

அடுத்து, ‘அரசு கொடுத்தது’ என்னும் கூற்று. முதல் உலகப் போர்க்காலத்து வெள்ளிக் கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் அதிகாரிகள் தம் காசில் வாங்கியவை. 1914இல் இந்தியச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். அம்புக்குறி இல்லாத வெள்ளிக் கூட்டை அரசு வழங்கியது என்பதற்குச் சான்று வேண்டும், சான்று இல்லை.

“குடும்பத்தின் பெருமையை ஏன் கெடுக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். கெடுப்பது நானல்லேன். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், இவ்வூரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றனர், 14 பேர் உயிர் நீத்தனர் என்னும் கல் இருக்கிறது. எண்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு வீட்டில் எஞ்சிய கடிகாரம், பெயரற்றுப் போன ஒருவரின் ஒரே ஆவணமாக இருக்கக்கூடும். நேரே பம்பாய்க்கு வந்திறங்கிய சுவிஸ் கடிகாரத்துக்கு லண்டன் முத்திரை தேவையில்லை. காட்டுக்கோழியோ கரடியோ பொறித்த சுவிஸ் முத்திரையே போதும். இதில் லண்டன் முத்திரை இருப்பதால், இது லண்டன் வழியாக வந்தது. அப்படியானால் குப்பத்துக்கு எப்படி வந்தது? போர்முனையில் அதிகாரி கொடுத்ததா? அருகிலுள்ள கோலார் தங்கவயலின் வெள்ளைக்காரப் பணியாளர் ஒருவரிடமிருந்து கைமாறியதா? ஏலத்தில் எடுத்ததா? கேட்டால் விடை சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். ‘அரசு எல்லாச் சிப்பாய்க்கும் கொடுத்தது’ என்று சொல்லிவிட்டால் இக்கேள்விகளில் ஒன்றுகூட எழாது. பெருமை என்ற பெயரில் நாம் அழிப்பது அந்த மனிதரின் கதையை.

எனவே அக்கடிகாரத்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதனைப் பாலிஷ் போடாதீர்கள், முத்திரைகள் தேய்ந்துபோகும். முகப்பையும் முட்களையும் மாற்றவிடாதீர்கள். பழக்கமுள்ள கடிகாரக்காரரைக் கொண்டு திறந்து, மூடியின் உட்புறம், உள்ளியந்திரம், எண் மூன்றையும் படமெடுத்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அது யாருடையது என்று கேட்டு எழுதி வையுங்கள். விற்பதானால் அதன் பிறகு விற்கலாம்.

பகிர்ந்த அறிஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: இரண்டு எழுத்துகளைப் பிழையாக வாசித்தீர்கள், அது எவர்க்கும் நேர்வது. திருத்தத்தையும் அதே குழுக்களில் பகிருங்கள்.