மீதி இரண்டு டன் எங்கே?

ஒரு காந்தத் துண்டை ஆற்று மணலில் புரட்டிப் பாருங்கள். கறுப்புத் தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதில் இரும்பு இருக்கிறது. பிள்ளைகளின் இந்த விளையாட்டை அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் பெருந்தொழிலாகவே செய்கிறார்கள்.

அங்கே மெசாபி என்ற மலைப்பகுதியில் முன்பு உயர்ந்த இரும்புக்கல் வெட்ட வெட்ட வந்தது. இரண்டாம் உலகப் போர் அதில் நிறைய விழுங்கிவிட்டது. மிஞ்சியது 'டாக்கனைட்' என்னும் மட்டக் கல். நூறு பங்கில் 25 அல்லது 30 பங்குதான் இரும்பு. கல்லோ வைரம் போலக் கெட்டி!

டேவிஸ் என்ற பேராசிரியர் பல ஆண்டு பாடுபட்டு வழி கண்டார். கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் கலந்து, காந்த உருளைகள் மேல் ஓட விட்டார். இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டது. கல்மாவு தண்ணீரோடு போயிற்று. ஒட்டிய தூளைக் கோலிக்குண்டு போல உருட்டிச் சுட்டால் உலைக்கு ஏற்ற உருண்டை தயார். மூன்று டன் கல்லை அரைத்தால் சுமார் ஒரு டன் உருண்டை.

முறம் பிடித்த தாய்மார்கள் உடனே கேட்பார்கள்: "மீதி இரண்டு டன் எங்கே?" தவிட்டை மாடு தின்னும். கல்மாவை எது தின்னும்?

சில்வர் பே என்ற ஊரில் 1955-ல் ஓடத் தொடங்கிய ஆலை, அதைச் சுபீரியர் ஏரியில் கொட்டியது. நாளொன்றுக்குச் சுமார் 67,000 டன்! 1973-ல், துலூத் நகரத்தார் குடிக்கும் ஏரித் தண்ணீரில் கல்நார் போன்ற நுண்ணிய நார்கள் இருப்பது தெரிந்தது. ஊர் கலங்கியது. 1974 ஏப்ரலில் நீதிபதி மைல்ஸ் லார்ட் ஆலையை மூடச் சொன்னார். இரண்டே நாளில் மேல் கோர்ட்டு திறக்க அனுமதித்தது. ஏரியில் கொட்டுவது 1980-ல்தான் நின்றது. பிறகு தரையில் அணை கட்டித் தேக்கினார்கள்.

டேவிஸ் செய்தது பெரிய காரியம். மட்டக் கல்லைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆலையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. ஆனால் 1980-ல் கட்டிய அணையை 1955-லேயே கட்டியிருக்கலாமே! ஏரியில் கொட்டினால் செலவில்லை என்று நினைத்தார்கள். கடைசியில் துலூத் நகரம் தண்ணீரை வடிகட்டப் புது நிலையமே கட்ட நேர்ந்தது. அதற்குப் பொதுப் பணம் போயிற்று.

நம் சேலத்துக் கஞ்சமலையில் இருப்பதும் காந்தத்தில் ஒட்டும் மட்டக் கல்தான். அங்கே அரைக்க வருகிறவர்கள் எத்தனை டன் இரும்பு என்று சொன்னால் போதாது. கல்மாவு எத்தனை டன், எந்த இடத்தில், யார் செலவில் என்றும் முதல் நாளே எழுதித் தரட்டும். அதைப் பார்த்த பிறகு மலையில் கை வைக்கலாமா என்று பேசுவோம்.